அவன் சொன்ன சொல்லையும் எழுதச் சொல்லுங்கள்: வெறுப்புக் குற்றச் சட்டங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்குவிடுதியில் இருக்கும் தம்பி ஒருவருக்குத் துணையாக அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். முந்தைய நாள் இரவு பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். முழங்கை சிராய்த்து, கைப்பேசித் திரை நொறுங்கியிருந்தது. அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். தம்பி தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தார், தள்ளினார், போய்விட்டார். மூன்று வரியில் முடிந்துவிட்டது.

வெளியே வந்து தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தம்பி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தள்ளுறதுக்கு முன்னாடி அந்தாளு நம்மாளுங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னான். அத எப்படிண்ணே போலிஸ்கிட்ட என் வாயால சொல்றது?"

வெறுப்புக் குற்றம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தேநீர்க்கடைதான் நினைவுக்கு வரும். அவர் வெட்கப்பட்டு விழுங்கிய அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அது வெறும் தள்ளுமுள்ளு. அந்தச் சொல் இருந்தால் சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கும்.

முதலில் அடிப்படை. வெறுப்புக் குற்றம் என்பது தனியாக முளைத்த புதுக் குற்றம் கிடையாது. அடிப்பது, மிரட்டுவது, பொருளை உடைப்பது என்று ஏற்கெனவே குற்றமாக இருக்கும் ஒன்றை ஒருவர் செய்கிறார். அதை இவருக்குச் செய்யவேண்டும் என்று அவரைத் தூண்டியது இவருடைய இனம், அல்லது சமயம். செயலும் காரணமும் சேர்ந்தால்தான் வெறுப்புக் குற்றம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பின் கார்நிறுத்துமிடத்தில் ஓர் இடத்துக்காக இரண்டு பேர் கைகலந்தால் அது அடிதடி. ஒருவர் தமிழர், மற்றவர் வேறு இனத்தவர் என்பதால் மட்டும் அது வெறுப்புக் குற்றமாகிவிடாது. தொடக்கத்தில் பலரும் குழம்பும் இடம் இது.

அடி ஒன்றுதானே, காரணத்தைப் பார்த்து ஏன் தண்டனையைக் கூட்டவேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கார் இடத்துக்காக ஒருவரை அடித்தால் அந்தச் சண்டை அவரோடு நின்றுவிடும். தோல் நிறத்துக்காக அடித்தால், மறுநாள் அதே வழியாக வேலைக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். அடிபட்டவர் ஒருவர், பயந்தவர்கள் ஆயிரம் பேர். கூடுதல் தண்டனை அந்த ஆயிரம் பேருக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

வெறுப்புப் பேச்சு இதிலிருந்து சற்று வேறானது. அங்கே அடி விழவேண்டியதில்லை, பேச்சே குற்றம். அமெரிக்காவில் பேச்சுரிமைக்கு அரசமைப்பே பெரிய பாதுகாப்புத் தருவதால், வெறுமனே இழிவாகப் பேசியதற்காக ஒருவரைச் சிறையில் போடுவது அங்கே கடினம். சிங்கப்பூரில் அப்படியில்லை. இன உணர்வையோ சமய உணர்வையோ புண்படுத்தவேண்டும் என்று வேண்டுமென்றே பேசுவது இங்கே நெடுங்காலமாகவே குற்றம். ஆகவே இணையத்தில் அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு அதே கணக்கை இங்கே போடக்கூடாது.

சரி, சிங்கப்பூர்ச் சட்டத்தில் 'வெறுப்புக் குற்றம்' என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா? அந்தப் பெயரில் இல்லை. ஆனால் பொருள் இருக்கிறது. குற்றவியல் தண்டனைத் தொகுப்பின் 74ஆம் பிரிவுதான் அது. 2007இல் நாடாளுமன்றம் செய்த பெரிய திருத்தத்தில் சேர்ந்தது. குற்றம் செய்யும்போதோ, அதற்குச் சற்று முன்போ பின்போ, பாதிக்கப்பட்டவரின் இனத்தையோ சமயத்தையோ முன்னிட்டு ஒருவர் பகைமையைக் காட்டினால் போதும். அல்லது அந்தப் பகைமை முழுக் காரணமாகவோ பாதிக் காரணமாகவோ இருந்தது என்று நிரூபித்தாலும் போதும். அந்தக் குற்றத்துக்கு உள்ள உச்சத் தண்டனையில் ஒன்றரை மடங்கு வரை நீதிமன்றம் விதிக்கலாம். வேண்டுமென்றே காயம் விளைவிப்பதற்கு உச்சம் மூன்று ஆண்டுச் சிறை என்றால், இந்தப் பிரிவு சேரும்போது அது நான்கரை ஆண்டாகிறது.

'சற்று முன்போ பின்போ' என்பதைக் கவனியுங்கள். ஒருவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்க்கமுடியாது. வாயிலிருந்து என்ன வந்தது, எப்போது வந்தது என்பதைத்தான் பார்க்கமுடியும். தள்ளுவதற்கு முன் வந்த சொல், தள்ளியபின் வந்த சொல், இரண்டுமே சான்று. தம்பி சொல்லாமல் விட்டது அந்தச் சான்றைத்தான்.

2021 மே மாதம் சுவா சூ காங்கில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 55 வயது இந்திய மாது ஒருவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு விரைவாக நடந்துகொண்டிருந்தார். ஓர் ஆடவர் இனத்தைச் சொல்லித் திட்டி அவரை நெஞ்சில் உதைத்தார். அந்த ஆடவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு விசாரணைக்குப் போனது. 2023இல் அவருக்கு நான்கு வாரச் சிறை கிடைத்தது. இன உணர்வைப் புண்படுத்தியது ஒரு குற்றச்சாட்டு, இனப் பகைமையோடு காயம் விளைவித்தது இன்னொன்று. அந்த மாது தாம் கேட்ட சொற்களைக் காவல்துறையிடம் சொன்னார். பிறகு நீதிமன்றத்திலும் நின்று சொன்னார். அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று அந்தத் தம்பியைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

பிரிவு 74 போன்ற சட்டங்கள் எல்லாம் நீதிபதியைப் பார்த்துப் பேசுபவை. நீதிபதிக்கோ காகிதத்தில் வந்தது மட்டும்தான் தெரியும். அந்தக் காகிதத்தை முதலில் எழுதுபவர் அழைப்பு வந்ததும் ஓடிவரும் காவல் அதிகாரி. அவர் காரணத்தைக் கேட்காவிட்டால், எழுதாவிட்டால், எவ்வளவு நல்ல பிரிவு இருந்தும் அது புத்தகத்திலேயே தூங்கும். அதனால்தான் சில நாடுகளில் தண்டனையைத் தொடாமல், காவல்துறை எப்படிக் கேட்கவேண்டும், எப்படிப் பதியவேண்டும், எப்படி எண்ணவேண்டும் என்பதை மட்டும் சீர்படுத்தவே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கதை இதில் பாடம் நிறைந்தது. 1990இலேயே வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுக்கவேண்டும் என்று அங்கே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அங்கே காவல்துறை ஒன்றல்ல. நகரம், வட்டாரம், மாநிலம், பல்கலைக்கழகம் என்று சுமார் 18,000 அமைப்புகள். எண்ணிக்கையை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு அனுப்புவது அவற்றின் விருப்பம். பல அமைப்புகள் அனுப்புவதில்லை, அனுப்பும் பல அமைப்புகள் பூஜ்யம் என்று அனுப்பும்.

2016இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் காலித் ஜபாரா என்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பல ஆண்டுகளாக அவர்களை அரபியர் என்று இழித்துப் பேசியவர். முந்தைய ஆண்டு காலித்தின் தாயார்மீது காரை ஏற்றியவர். கொல்லப்படுவதற்குச் சற்றுமுன் காலித் காவல்துறையை அழைத்தும் இருந்தார். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு, 2017 ஆகஸ்ட் 12, வெர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகளை எதிர்த்து ஊர்வலம் போன கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஓட்டி ஹெதர் ஹையர் என்ற இளம்பெண்ணைக் கொன்றான். இரண்டும் வெறுப்புக் குற்றமாகவே நீதிமன்றத்துக்குப் போயின. ஆனால் இரண்டில் ஒன்றுகூட நாட்டின் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறவில்லை. ஊரே அழுத இரண்டு சாவு, கணக்கில் இல்லை.

அந்த இருவர் பெயரையும் தாங்கிய பகுதி, 2021 மே 20 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டத்தில் இருக்கிறது. கிருமிப் பரவலின்போது ஆசிய முகம் கொண்டவர்களைத் தெருவில் தாக்கிய சம்பவங்களால் உந்தப்பட்டு வந்த சட்டம் அது. செனட்டில் 94 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. கீழவையில் 364க்கு 62. அதில் தண்டனைகள் கூடவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. வழக்குகளை விரைந்து பரிசீலிக்க அமெரிக்க நீதி அமைச்சில் ஒருவரைப் பொறுப்பாக்கியது. இணையத்தில் பல மொழிகளில் புகார் கொடுக்க வழி செய்வதற்கு உள்ளூர்க் காவல்துறைகளுக்கு வழிகாட்டச் சொன்னது. அதிகாரிகளுக்குப் பயிற்சி, தனிப் பிரிவுகள், குற்றங்களை விரிவாகப் பதியும் முறைக்கு மாறுவது, மாநிலங்கள் நடத்தும் தொலைபேசிச் சேவை ஆகியவற்றுக்கு மானியம் கொடுத்தது. கலிஃபோர்னியா இன்னும் ஒருபடி போய், எல்லாக் காவல் அமைப்புகளும் வெறுப்புக் குற்றக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்கவேண்டும் என்று 2023இல் கட்டாயமாக்கியது. மானியத்தை நம்பிய சட்டத்தைவிடக் கட்டாயப்படுத்தும் சட்டம்தான் நிற்கும் என்பது என் எண்ணம். மானியம் வேண்டாம் என்று சொல்லும் ஊரில்தான் பெரும்பாலும் அந்தச் சட்டம் மிகவும் தேவைப்படும்.

பிரிட்டனில் நடந்ததும் ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான். 1993 ஏப்ரல் 22, தென்கிழக்கு லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின இளையர், வெள்ளை இளையர் கும்பலொன்றால் குத்திக் கொல்லப்பட்டார். உடன் நின்ற நண்பர் நடந்ததைச் சொன்னார். இனத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார்கள் என்றும் சொன்னார். அதிகாரிகள் அவரைப் பாதிக்கப்பட்டவராக நடத்தவே இல்லை. இருவர்மீது குற்றம் நிரூபணமாக 2012 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இடையில் 1999இல் வெளிவந்த மெக்ஃபர்சன் விசாரணை அறிக்கை ஒரு விதியைப் பரிந்துரைத்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவமாகக் கருதினால், காவல்துறை அதை அப்படியே பதியவேண்டும். பதிந்துவிட்டால் குற்றம் நிரூபணமாகிவிடாது. சான்று இருக்கிறதா என்று பிறகு பார்ப்பார்கள். ஆனால் வாசலிலேயே "அப்படியெல்லாம் இருக்காது" என்று எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பமுடியாது. கேட்பதற்கு எளிய விதி. இத்தனை சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிங்கப்பூர் வேறு வழியில் வந்திருக்கிறது. இங்கே ஒரே காவல்துறை, 18,000 இல்லை. இங்குள்ள சட்டங்களின் பின்னால் நிற்பது 1964. அந்த ஆண்டு ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் வெடித்து இன்னும் 13 உயிர் போனது. பள்ளிகளில் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுவதும், பிள்ளைகள் வேட்டியும் மலாய்க் கெபாயாவும் சீனச் சியோங்சாமும் உடுத்திப் போவதும் அதனால்தான். அந்த அச்சத்திலிருந்து பிறந்த சட்டங்கள் என்பதால், அடி விழுந்தபின் தண்டிப்பதைவிட அடி விழுமுன் தடுப்பதிலேயே அவற்றின் கவனம் அதிகம்.

1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சமயங்களுக்கிடையே பகை மூட்டுபவருக்கு உள்துறை அமைச்சர் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கலாம். 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்பட்டதில்லை என்று அரசாங்கம் சொன்னது. பழைய தேசநிந்தனைச் சட்டத்தை 2021இல் ரத்து செய்தார்கள். இனத்தைப் பற்றிய ஏற்பாடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, 2025 பிப்ரவரி 4 அன்று நாடாளுமன்றம் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சமயத்துக்கு இருந்த கட்டுப்பாட்டு ஆணை இனத்துக்கும் வந்தது. வெளிநாட்டுத் தலையீட்டிலிருந்து இனம் சார்ந்த அமைப்புகளைக் காப்பதற்கான ஏற்பாடுகளும் அதில் உண்டு.

அதில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யோசிக்காமல் ஓர் இனத்தைக் கேலி செய்து காணொளி போட்ட 17 வயதுப் பையனை என்ன செய்வது? நீதிமன்றத்துக்கு இழுத்தால் அவன் மனத்தில் கசப்புதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, அவன் புண்படுத்திய சமூகத்தினரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கவும், அவர்களைப் பற்றி அறிந்துகொள்ளவும் வாய்ப்புத் தரலாம் என்கிறது சட்டம். கட்டாயமில்லை. ஆனால் ஒத்துழைத்தானா என்பதைப் பார்த்துத்தான் வழக்குத் தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். சமயச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த ஏற்பாடு, இனத்துக்கும் நீண்டிருக்கிறது. வாய்த்துடுக்குக்கு இது நல்ல மருந்து. நெஞ்சில் உதைத்தவருக்கு இது போதாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதுதான் அதிகாரிகளின் பொறுப்பு.

இப்போது நம் பக்கம். தம்பி சொல்லத் தயங்கிய சொல் 'கெலிங்'. இங்கே வளர்ந்த தமிழருக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அது எப்போதும் வசைச்சொல்லாக இருந்ததில்லை. மலாய் மொழியில் தென்னிந்தியரைக் குறிக்க ஒருகாலத்தில் இயல்பாகப் புழங்கிய பெயர். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. நம்முடைய சூலியா ஸ்திரீட்டும் முன்பு கிளிங் ஸ்திரீட். இந்தியர்கள் மனம் புண்படுகிறது என்று சொன்னபின் 1920களில் பெயரை மாற்றினார்கள். நூறாண்டுக்கு முன்பே வலித்த சொல். ஆனாலும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு குற்றம் என்றுவிடமுடியாது. யார், யாரிடம், எந்தக் குரலில், எதைச் செய்துகொண்டே சொன்னார் என்பதும் எழுதப்படவேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டுமானால், நம்மவர் வாயிலும் மற்ற இனத்தவரைப் பற்றிய சொற்கள் இருக்கின்றன. இதே பிரிவு 74 நமக்கும் சேர்த்துத்தான்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்யலாம்? ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. முடிந்துவிட்டது, தகவல் சொல்லவேண்டும் என்றால் 1800-255-0000, அல்லது நேரில் நிலையத்துக்கு. சொன்ன சொற்களை, எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே, அன்றிரவே கைப்பேசியில் தட்டச்சு செய்தோ குரலாகப் பேசியோ வைத்துக்கொள்ளுங்கள். 'அசிங்கமாகத் திட்டினார்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பேருந்து எண், நேரம், புளோக் எண் மூன்றும் இருந்தால் கேமராப் பதிவைத் தேட முடியும். பதிவுகள் என்றென்றும் இருக்காது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எடுத்த காணொளியைக் காவல்துறைக்குக் கொடுங்கள். அவர் முகத்தையும் வீட்டையும் வேலையிடத்தையும் போட்டுச் சமூக ஊடகத்தில் பரப்பினால், துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் உங்கள்மீதே திரும்பலாம். அதே சட்டம் உங்களுக்கும் உதவும். பக்கத்து வீட்டுக்காரரோ உடன் வேலை செய்பவரோ திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தால், 2021இல் இதற்கென்றே அமைத்த நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

அப்புறம், வாக்குமூலம். பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று இதில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 22ஆம் பிரிவின்படி, விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தை எழுதியபின் உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். ஆங்கிலம் புரியாவிட்டால் புரியும் மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அதன்பிறகுதான் கையெழுத்து. விடுபட்டது இருந்தால், தவறாக எழுதியிருந்தால், அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மரியாதை கருதி எதையும் மெருகேற்றாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். தம்பி தயங்கித் தயங்கிப் பேசியபோது நான் நல்ல ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்துவிட்டேன். வேறு ஏதாவது சொன்னானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும்.

அன்று தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனோம். அதே அதிகாரி இருந்தார். இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும் என்றேன். உட்காரச் சொன்னார். தம்பி என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அப்புறம் அந்தச் சொல்லைச் சொன்னார். தள்ளுவதற்கு முன்பா பின்பா என்று அதிகாரி கேட்டார். முன்பு, அப்புறம் போகும்போது இன்னொரு தடவை என்றார் தம்பி. அதிகாரி எழுதினார். நான்காவது வரி, ஐந்தாவது வரி. முழுவதையும் மெதுவாக வாசித்துக் காட்டினார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், இந்த முறை ஒன்றையும் விடாமல். தம்பி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.